கடலடிக் கிணற்றுக் கருவிகள்: பாதுகாப்பு விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிணற்றுத் தலையில் உட்கார்ந்து, எண்ணெயும் வாயுவும் பீறிட்டால் கிணற்றை அடைக்கும் பிஓபி (blowout preventer) கருவியைச் சோதிக்கும்போது, நேரம் மிச்சமாகட்டும் என்று எடுத்த எடுப்பிலேயே உயர் அழுத்தத்துக்குப் போவது பழைய தவறு. உயர் அழுத்தம் ரப்பர் சீலை உலோகத்தோடு அழுத்தி உட்கார வைத்துவிடும். பிறகு குறைந்த அழுத்தத்தில் கசிய வேண்டிய சீல்கூடக் கசியாது. அமெரிக்க விதி முதலில் 250 முதல் 350 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) வரையிலான சோதனையைக் கேட்பது இதனால்தான். கை தவறி 500-ஐத் தாண்டினால், பூஜ்யம்வரை இறக்கி மறுபடி தொடங்க வேண்டும்.

மேல்தளத் தொடர்பு அறுந்தால் பிஓபியைத் தானாக மூடும் அவசர அமைப்பைப் பகுதி பகுதியாக மட்டும் சோதிப்பது இன்னும் ஆபத்து. 2010 ஏப்ரலில் 11 பேரை பலிகொண்ட மகோண்டோ எண்ணெய்க் கிணற்று விபத்துக்குப் பின், மீட்ட பிஓபியைப் பிரித்தபோது அதை இயக்கும் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் (pod) ஒன்றில் 27 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தது. மற்றதில் ஒரு சோலினாய்டு வால்வின் (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு) கம்பி மாறியிருந்தது. அந்த வால்வுக்கு இரண்டு சுருள்கள். ஒவ்வொன்றையும் தனியாக இயக்கினால் வேலை செய்யும். சேர்த்து இயக்கினால் ஒன்றின் காந்தவிசையை மற்றொன்று முறித்துவிடும். தனித்தனிச் சோதனையில் இது எந்தக் காலத்திலும் சிக்காது. மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் ஒருசேரப் போகும் நிலையை உண்டாக்கித்தான் பார்க்க வேண்டும். பேட்டரியையும் சுமை ஏற்றி அளக்க வேண்டும்; சும்மா வோல்ட்மீட்டர் வைத்துப் பார்ப்பது கண்துடைப்பு.

பிஓபியை மூடும் திரவத்தை அழுத்தத்தில் சேமித்து வைக்கும் கலன் அக்யூமுலேட்டர். அதில் நைட்ரஜனை மேல்தள வெயிலில் நிரப்பிவிட்டு அதே எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். 35 டிகிரியில் நிரப்பிய வாயு, 4 டிகிரி கடலடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்தை இழக்கும். 1,500 மீட்டர் ஆழத்தில் வெளியே இருக்கும் கடல்நீரே ஏறத்தாழ 150 பார் அழுத்துகிறது. இரண்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால், ராமை (கிணற்றை அடைக்கும் எஃகுக் கதவு) மூடும் அளவுக்குத் திரவம் வெளிவராது.

ஷியர் ராம் (கத்தி பொருத்திய ராம்) கிணற்றுக்குள் இருக்கும் துளையிடும் குழாயை வெட்டும் என்ற சான்றிதழைப் படிக்கும்போது, குழாய் நடுவில் இருந்ததா, எந்தத் தடிமன் என்று பாருங்கள். மகோண்டோவில் வளைந்த குழாய் ஓரம் ஒதுங்கியதால் கத்தி முழுதாக வெட்டவில்லை.

அலட்சியம் அதிகம் போல்ட்டில்தான். 2012 டிசம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் கடலடி இணைப்பியின் போல்ட்கள் முறிந்தன. துத்தநாக முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகும். பூசியபின் சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். முலாம் பூசிய துணை ஒப்பந்ததாரர் பின்பற்றியதோ அந்தச் சூடேற்றத்தைக் கேட்காத, முலாம் தரநிலையின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்பு; 2007 பதிப்பு கேட்டது. அரிப்பைத் தடுக்கும் கதோடுப் பாதுகாப்பும் கடலடியில் ஹைட்ரஜனைச் சேர்ப்பதால், கடினமான எஃகு இன்னும் எளிதில் விரிசல் விடும். ஆர்டரில் தரநிலையின் பெயரோடு பதிப்பு ஆண்டையும் எழுதுங்கள். கடினத்தன்மை 34 ராக்வெல்-சி-யைத் (எஃகின் கடினத்தன்மை அளவுகோல்) தாண்டக் கூடாது என்று குறிப்பிட்டு, சூடேற்றிய பதிவை ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் (லாட்) கேட்டு வாங்குங்கள். உங்கள் ஒப்பந்ததாரரோடு நிறுத்தாமல், அவருக்கு முலாம் பூசித் தரும் பட்டறைவரை கேளுங்கள்.