ஹெச்ஆர் சொல்லாமலே ஆபீஸ் அசிஸ்டென்ட் வந்து நின்றால்

"சார், இன்னைக்கு ஜாயின் பண்ணச் சொன்னாங்க" என்று ஒருவர் வந்து நிற்கிறார். அவர் கையில் ஆர்டர் இல்லை, உங்களுக்கும் மெயில் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்க வேண்டியது: "சம்பளம் யார் போடுவாங்கன்னு சொன்னாங்க?" கம்பெனியின் நேரடி ஆளா, கான்ட்ராக்டர் அனுப்பியவரா என்பது அதில் தெரிந்துவிடும். கான்ட்ராக்ட் ஆள் என்றால் சூப்பர்வைசரின் பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய லீவு, சம்பளம் பற்றி நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஹெச்ஆருக்கு மெயில். போனில் பேசியிருந்தாலும் எழுத்தில் வேண்டும். மாதக் கடைசியில் "எங்களுக்குத் தெரியாதே" என்பார்கள். நாலு வரி போதும்:

"இன்று காலை 9.40க்கு (பெயர்) என்பவர் எங்கள் பிரிவில் ஆபீஸ் அசிஸ்டென்ட்டாக வேலைக்கு வந்தார். சேர்ந்த தேதி, எம்ப்ளாயி நம்பர், வேலை நேரம், யாருக்கு ரிப்போர்ட் செய்வார், என்னென்ன வேலை என்ற விவரங்களை இன்று மாலைக்குள் அனுப்பவும். அதுவரை வருகையை நோட்டில் குறிக்கிறோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பயோமெட்ரிக்கில் விரல் பதியாத நாளை சாஃப்ட்வேர் ஆப்சென்ட் என்றே எடுத்துக்கொள்ளும். முதல் சம்பளத்தில் வெட்டு விழும். தேதி, வந்த நேரம், போன நேரம், இருவர் கையெழுத்து என்று தினமும் எழுதுங்கள்.

பழைய வேலையில் பிஎஃப் பிடித்திருந்தால் அந்த 12 இலக்க பிஎஃப் அடையாள எண்ணை (யுஏஎன்) ஹெச்ஆரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தெரியாமல் புதிதாக இன்னொன்று போட்டுவிட்டால், இரண்டையும் சேர்க்க அலைய வேண்டிவரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், சேர்ந்த 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இஎஸ்ஐ நம்பர் வரும்வரை பேங்க், கூரியர் என்று பைக்கில் வெளியே அனுப்பாதீர்கள். வழியில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்ற தகராறு உங்கள் மேஜைக்குத்தான் வரும். ஆதார் நகல், ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் நீங்கள் வாங்கி வைக்க வேண்டாம். அது ஹெச்ஆர் வேலை.

அதற்காக அவரைச் சும்மா உட்கார வைக்கவும் கூடாது. வரும் தபால்களைக் குறிக்கும் இன்வர்ட் ரெஜிஸ்டரை முதல் நாளே கொடுக்கலாம். வரிசை எண், தேதி, நேரம், அனுப்பியவர், கூரியர் நம்பர், யாருக்கு, பெற்றவர் கையெழுத்து என்று ஏழு கட்டம். கூரியர் பையன் நிற்கும்போதே எழுத வேண்டும். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்ட கவர் ஏதோ ஒரு ஃபைலுக்கு அடியில் போய்விடும். அது வரி நோட்டீஸாக இருந்தால் பதில் சொல்லும் கெடு அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜெராக்ஸ், ஸ்கேனிங், மீட்டிங் ரூம் ஏற்பாடு எல்லாம் பார்த்தாலே பழகிவிடும். சில்லறைச் செலவுக்கான பெட்டி கேஷ், ரப்பர் ஸ்டாம்ப், பீரோ சாவி, பாஸ்வேர்டு மட்டும் ஆர்டர் வரும்வரை கைமாற வேண்டாம்.

அவருக்கு வேலை சொல்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். நாலு மேஜையிலிருந்தும் கூப்பிட்டால், யார் வேலையை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் புது ஆள் திணறுவார். "சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்ற பெயரும் வந்துவிடும். வீட்டு கரண்ட் பில் கட்டச் சொல்லும் வழக்கம் உங்கள் ஆபீஸில் இருந்தால், இவரிடம் அதைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

மூன்றாம் நாளும் பதில் இல்லையென்றால் புது மெயில் வேண்டாம். பழைய மெயிலிலேயே வருகை நோட்டின் படத்தை இணைத்து, உங்கள் மேலாளரையும் அட்மின் தலைவரையும் சிசியில் போட்டு அனுப்புங்கள்.