கைல் ஃபீல்டில் பாபா முத்திரை காட்டாதீர்கள்

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்க வரும் நம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரையாவது ஒவ்வொரு சீசனும் இங்குள்ள கைல் ஃபீல்ட் மைதானத்துக்கு ஃபுட்பால் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போவேன். நம்மூர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அது. பார்க்கிங், வெயில் எல்லாம் அவரவர் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நான் அன்று செய்த அபத்தங்களையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள், அதைத்தான் பார்க்க முடியவில்லை.

விரல் விஷயம்

செல்ஃபி என்றாலே நம் பையன்களுக்குக் கை தானாகப் பாபா முத்திரைக்குப் போய்விடுகிறது. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் மேலே, நடுவில் உள்ள இரண்டும் கட்டைவிரலோடு மடங்கியிருக்கும். ரஜினி காட்டியது 2002-ல். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக ரசிகர்கள் கிட்டத்தட்ட அதையே 1955-லிருந்து காட்டுகிறார்கள், பீவோ என்ற தங்கள் எருதின் கொம்பாக. அந்த ஆஸ்டின்காரர்கள்தான் இங்கே பரம வைரிகள்.

சாதாரணப் பகை இல்லை. 1917-ல் இந்தப் பக்கத்து ஆட்கள் முதல் பீவோவின் உடம்பில் 13–0 என்று சூடு போட்டுவிட்டு வந்தார்கள். 1915-ல் தாங்கள் ஜெயித்த கணக்கு. 1920-ல் ஆஸ்டின்காரர்கள் அந்த எருதையே விருந்தாக்கியபோது இவர்களையும் அழைத்து, சூடு போட்ட தோலைக் கையில் கொடுத்தார்கள். 2011-க்குப் பிறகு இரண்டு அணிகளும் மோதவே இல்லை. 2024 நவம்பரில் இதே மைதானத்தில் மறுபடி மோதின. ஆஸ்டின் 17–7 என்று ஜெயித்தது. புண் இன்னும் ஆறவில்லை.

என் முதல் வருஷம், எங்கள் அணி நிறமான மெரூனில் சட்டை, கன்னத்தில் மெரூன் சாயம், கையில் பாபா. படத்தைப் பெருமையாக ஆய்வகக் குழுவுக்கு அனுப்பினேன். எங்கள் பேராசிரியர் இங்கேயே படித்தவர், இங்கே படித்தவர்கள் போடும் ‘ஆகி’ (Aggie) மோதிரம் போட்டவர். திங்கட்கிழமை போனால் காபி மெஷினுக்கு மேலே என் படம், விரல்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். நான் டிகிரி வாங்கும்வரை யாரும் அதைக் கிழிக்கவில்லை.

போன வருஷம் ஒரு தம்பி. வண்டியில் வரும்போதே மூன்று தடவை சொல்லியிருந்தேன். வாசலில் போன் கேமராவைத் திருப்பியதும் அதே முத்திரை. அந்த வழியாகப் போன பெரியவர் ஒருவர் நின்று, ஒன்றும் பேசாமல் அவன் விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திவிட்டுப் போனார். அதுதான் இங்கத்து முத்திரை, ‘கிக் எம்’ (Gig ’em). தவளை குத்தும் ஈட்டியிலிருந்து வந்த சொல். 1930-ல் கொம்புத் தவளையைச் சின்னமாக வைத்திருக்கும் டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணியோடு மோதப் போகும்போது பிறந்தது.

“பழக்கதோஷம்ணே” என்கிறான்.

உட்காருவது

டிக்கெட்டில் சீட் நம்பர் இருக்கும். மாணவர் பகுதியில் அதை நம்பாதீர்கள். 1922 ஜனவரி 2, டல்லாஸில் சென்டர் கல்லூரியோடு ஆட்டம். அடிபட்டு ஆட்கள் குறையக் குறைய, மேலே பத்திரிகையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கோச் கீழே கூப்பிட்டார். அவர் உடை மாற்றிக்கொண்டு கடைசிவரை ஓரத்தில் தயாராக நின்றார். இறக்கவே இல்லை, அணி 22–14 என்று ஜெயித்துவிட்டது. அந்தப் பன்னிரண்டாவது ஆளாகத்தான் எல்லோரும் நிற்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

ரெவெலியைத் தடவுவது

ரெவெலி எங்கள் பல்கலைக்கழகத்தின் சின்னம். கோலி (collie) இன நாய்தான், ஆனால் கேடட் படையில் அதற்குத்தான் மிக உயர்ந்த பதவி, ஐந்து வைரச் சின்னம். கூட வரும் கேடட்டிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ‘ச்சூ ச்சூ’ என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

சியர்லீடரைத் தேடுவது

கிடையாது. கூட்டத்தைக் கோஷம் போடவைக்கும் ஐந்து யெல் லீடர்கள், அவ்வளவுதான்.

ஆரஞ்சுச் சட்டை

அது ஆஸ்டின்காரர்கள் நிறம். செங்கல் நிறம் என்று பெயரை மாற்றிச் சொன்னாலும் வேண்டாம்.