வெள்ளியங்கிரி: ஏறத் தயாராகிறவர்கள் இறங்குவதை மறக்கும்போது

மாசி பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் "எப்பங்க மலைக்கு?" என்ற கேள்வி வந்துவிடும். மலை என்றால் ஏழு மலை தாண்டிச் சிவனைக் கும்பிடப் போகிற வெள்ளியங்கிரிதான், பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை பாதையைத் திறந்து வைக்கிறது. ஏறுவதற்காக வாரக்கணக்கில் விரதம் இருக்கிறவர்கள் உண்டு, தினமும் காலையில் ஓடிப் பழகுகிறவர்கள் உண்டு. இறங்குவதற்கென்று தயாராகிறவர்களைப் பார்ப்பது அரிது. இந்த மலையில் நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். கால் தெம்பு, தண்ணீர், டார்ச் சார்ஜ், தூக்கம் எல்லாவற்றையும் உச்சிக்குப் போவதற்குள் செலவழித்துவிட்டு, மீதிப் பாதி வழியை வெறுங்கையோடு இறங்குகிறார்கள்.

தூரக் கணக்கே முதலில் ஏமாற்றும். ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் போலத்தான் வரும். சமதளத்தில் அது ஒன்றரை மணி நேர நடை. இங்கே அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும் என்பதால் பழக்கமுள்ளவர்களுக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். எதிரே இறங்கி வருகிறவர்களிடம் "இன்னும் எத்தனை தூரமுங்க?" என்று கேட்டால், "அவ்வளவுதான் சிவா, வந்துருச்சு" என்பார்கள். அன்பாகச் சொல்கிற வார்த்தை, தெம்பும் தரும். ஆனால் அதை நம்பிக் கையிலிருக்கிற தண்ணீரைக் காலி செய்துவிடக் கூடாது.

முதல் மலை செங்குத்தான கற்படிகள். இளைஞர்கள் கூட்டமாக வந்தால் இங்கேதான் போட்டி போட்டு ஏறுவார்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு பாதியில் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக் கற்பூரத்தை முகர்ந்துகொண்டே ஏறுகிறவர்கள் நிறைய. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும், வெள்ளியங்கிரி அவ்வளவு உயரமில்லை. இங்கே மூச்சு முட்டினால் வேகம் காரணமாக இருக்கலாம், இதயமும் காரணமாக இருக்கலாம். கற்பூர வாசனையில் மூக்கு திறந்த மாதிரி தோன்றும், நெஞ்சுக்குள் நடப்பது மாறாது. 2024 பருவத்தில் மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் பலர் இந்த மலையிலேயே இறந்தார்கள். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை இதில் எது வந்தாலும் உட்காருங்கள், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லுங்கள். 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேல் டோலி கட்டி ஆட்கள் தூக்கி வர வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். பிரஷர், ஆஸ்துமா, இதயக் கோளாறு இருக்கிறவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் விரதத்தையும் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டு ஏறுவது இன்னொரு ஆபத்து. வயிறு காலி, மருந்து வேலை செய்கிறது, கால்கள் மணிக்கணக்கில் உழைக்கின்றன. சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும், கண் இருட்டும். பாறை ஓரத்தில் அப்படி ஆனால் என்ன ஆவது? அன்றைக்கு மாத்திரை எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் கடலை மிட்டாயும் குளுக்கோஸும் வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் அடியில் வைத்தால் அந்த நேரத்தில் கைக்கு வராது.

இனி இறக்கம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. தசை இழைகள் நுண்ணியதாகக் கிழிவது இந்த வேலையில்தான் அதிகம். மேலே போகும்போது நன்றாக இருந்தவருக்கு மூன்றாவது மலை இறக்கத்தில் கால் தன்பாட்டுக்கு நடுங்குவது அதனால்தான். வலி அடுத்த நாளைவிட அதற்கடுத்த நாள் கூடுதலாக இருப்பதும் அதனால்தான். இதற்கு மாடிப்படி ஏறிப் பழகுவது மட்டும் போதாது, இறங்கிப் பழக வேண்டும். சென்னிமலைக்கு 1,320 படிகள் இருக்கின்றன. மருதமலைக்கும் படிப் பாதை உண்டு. இரண்டு இடத்திலும் படியில் ஏறிவிட்டு வண்டியில் இறங்குகிறவர்கள் உண்டு. வெள்ளியங்கிரிக்குத் தயாராகிறவர் சில வாரங்களுக்கு முன்பிருந்தே படியிலேயே இறங்க வேண்டும், அதுவும் நிதானமாக.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியைப் பார்க்காமல் வாங்குவதும் தவறு. உயரம் நெஞ்சு வரை இருக்கட்டும். தரையில் ஊன்றுகிற முனை கணுவில் முடிய வேண்டும். கணுவுக்கு இடையில் வெட்டிய தடி இரண்டாவது மலைக்குள்ளேயே பிளந்து சிம்பு கிளம்பிவிடும். நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு கையாலும் அழுத்தினால் வளையாத கெட்டி மூங்கிலாக இருந்தால் நல்லது. ஏறும்போது தடி ஒரு துணை, அவ்வளவுதான். இறங்கும்போதுதான் அதற்கு வேலை: முதலில் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பாரத்தை அதன் மேல் சாய்த்து, அப்புறம் காலை வைக்க வேண்டும். காலை வைத்த பிறகு தடியை ஊன்றுகிறவர்களுக்கு முழங்காலில் எந்தச் சுமையும் குறைவதில்லை. முட்டியை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கியே வையுங்கள், அடியைச் சின்னதாக வையுங்கள்.

வெறுங்காலில் ஏறுவது பலருக்கு வேண்டுதல். அதை மதிக்கிறேன். இறங்கும் நேரம் வெயிலேறிவிட்டால் பாறை சுடும், கால் கொப்புளித்துவிடும். பையில் ஒரு ஜோடி செருப்பு இருக்கட்டும். ஷூ போடுகிறவர்கள் புதிய ஷூவோடு வராதீர்கள், கால் நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள். இறக்கத்தில் நகம்தான் ஷூவின் முனையில் மோதும்.

ராத்திரி ஏறுகிறவர்கள் செல்போன் டார்ச்சை நம்புகிறார்கள். ஒரு கை போனுக்கு, ஒரு கை தடிக்கு என்றால், வழுக்கும்போது பாறையைப் பிடிக்கக் கையில்லை. நெற்றியில் கட்டுகிற விளக்கு விலை அதிகமில்லை. போன் சார்ஜ் அவசரத்துக்கு மிச்சமும் ஆகும்.

வியர்வையில் நனைந்த சட்டையோடு ஏழாவது மலைக் காற்றில் விடியலுக்காக உட்கார்ந்திருப்பதும் பலர் செய்வது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும், ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் அது இன்னும் உறைக்கும். வழியில் இருக்கிற ஆண்டிச்சுனையில் குளித்துவிட்டு ஈரத்தோடு மேலே போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு. பாலித்தீன் பையில் இல்லாமல் துணிப்பையில் ஒரு உலர்ந்த சட்டையும் துண்டும் போதும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் இடியோடு கோடை மழை வரும். மேலே உள்ள மலைகளில் மரமில்லாத வெட்டவெளி அதிகம் என்பதால் மதியத்துக்குள் அந்த இடங்களை விட்டு இறங்கிவிட வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. பாதை திறந்திருக்கிற மாதங்கள்தான் புல் காய்ந்திருக்கிற மாதங்களும். வழியில் ஒரு கல்லைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றிவிட்டு நடையைக் கட்டுகிறவர், தனக்குப் பின்னால் வருகிற ஆயிரம் பேரையும் காட்டையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத் தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும், ஏனென்றால் கீழே எரிகிற அனல் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறைப் பரப்புக்கோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்கோ போங்கள்.

இந்த மலை இருக்கிற போளுவாம்பட்டி வனச்சரகம் யானைகள் நடமாடுகிற காடு. குறுக்கு வழி தேடி, அல்லது ஒதுங்குவதற்காக, பாதையை விட்டுத் தனியாக உள்ளே போக வேண்டாம். ஆனைமலைப் பக்கமும் சத்தியமங்கலம் பக்கமும் அனுமதியில்லாமல் "ரகசிய ட்ரெக்" என்று கூட்டிப் போகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள், புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் இணையத்திலேயே பதிவு செய்யலாம், வழிகாட்டியும் உடன் வருவார்.

வெள்ளியங்கிரி ஏறிய தைரியத்தில் நேரே கேதார்நாத், கயிலாயம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேதார்நாத் 3,583 மீட்டர். அங்கே கால் தெம்பு மட்டும் போதாது, உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே போகக் கூடாது; ஓய்வெடுத்தும் கூடினால் இறங்க வேண்டும்.

அடிவாரமான பூண்டிக்கு வந்து சேர்ந்ததும் இறக்கம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு, நடுங்குகிற காலோடு பைக்கை எடுத்துத் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் விரட்டுகிறார்கள். மலையில் காட்டிய எச்சரிக்கையெல்லாம் அந்த ரோட்டில் ஒரு நொடிக் கண்ணயர்வில் போய்விடும். கோயில் பக்கம் நிழலில் துண்டை விரித்து இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதற்கும் பொறுமையில்லை என்றால் வரும்போதே பைக்கை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பஸ் இருக்கிறது.