தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்குவது எப்படி? கரிம வேதியியலில் ஒரு முதல் செய்முறை

கரிம வேதியியலின் கணக்கில் எண்ணெய் ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்து உருவாகும் சேர்மம். ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் இணைந்த ட்ரைகிளிசரைடு. அந்தப் பிணைப்புகளைச் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, உடைக்கும்போது கிளிசராலும் கொழுப்பமிலங்களின் சோடியம் உப்பும் உருவாகின்றன. அந்த உப்புதான் சோப்பு. வினைக்குச் சோப்பாதல் என்று பெயர்.

முதலில் தேங்காய் எண்ணெய் 250 கிராம், காஸ்டிக் சோடா 42 கிராம், காய்ச்சி வடித்த நீர் 90 கிராம் ஆகியவற்றை டிஜிட்டல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணெய் முழுவதும் வினைபுரிய ஏறத்தாழ 46 கிராம் காரம் (காஸ்டிக் சோடா) வேண்டும். காரம் சிறிதும் மிஞ்சி நின்று தோலை அரிக்கக் கூடாது என்பதற்காகவே வேண்டுமென்றே 8 சதவீதம் குறைக்கிறோம். இங்கே மில்லிலிட்டர் அளவு உதவாது. 250 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 230 கிராம்தான்; அதற்கு 42 கிராம் காரமே முழுமையாகத் தேவைப்படுவதால், நாம் ஒதுக்கிய பாதுகாப்பு இடைவெளி அப்படியே காணாமல் போய்விடும்.

அடுத்து, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், நீருக்குள் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். காரத்தின் மீது நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது; கரையும்போது வெளிப்படும் வெப்பத்தால் கரைசல் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் அதை அறவே தவிர்க்கவும். தோலில் பட்டால் ஏராளமான நீரில் உடனே கழுவுங்கள்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்ததும், கரைசலை எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டுவிட்டு அடியுங்கள். தெளிவான எண்ணெய் மங்கி, பாலேடு போல் கெட்டிப்படும்; கரண்டியிலிருந்து சொட்டும் கலவை மேற்பரப்பில் ஒரு கோடாகச் சற்று நேரம் நிற்குமானால், அச்சில் ஊற்றும் பதம் வந்துவிட்டது. இந்தப் பதத்தைத் தவறவிடாதிருப்பதுதான், என் கருத்தில், இச்செய்முறையின் உண்மையான கைத்திறன்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் பாதியளவு, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். எனவே சோப்பு விரைவில் இறுகும். தொட்டால் உறுதியாக இருக்கும்போதே கையுறையுடன் துண்டு போடுங்கள். ஒரு நாள் முழுவதும் விட்டால் கத்தி பட்டதும் நொறுங்கக்கூடும். பிறகு காற்றுப் படும்படி நான்கு வாரம் உலரவிட வேண்டும்.

பயன்படுத்தும்போது கடின நீரில் நுரை குறைந்து வெண்ணிறப் படிவு தோன்றினால், அது உங்கள் தயாரிப்பின் குறையல்ல. நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக் கரையாத உப்புகளை உருவாக்குகின்றன.