திருத்தந்தையின் திறந்தவெளித் திருப்பலிக்குப் போகும் நெல்லைச் சீமைக் குருக்களுக்கு

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டுத்திருப்பலியில் (திருத்தந்தையோடு குருக்கள் பலர் சேர்ந்து நிறைவேற்றும் பூசையில்) நிற்கப் போகிறீர்களா, நற்கருணை வழங்கப் போகிறீர்களா, அழைத்துப் போகும் பங்கு மக்களோடு உட்காரப் போகிறீர்களா? மூன்றில் ஒன்றுதான் முடியும். கூட்டுத்திருப்பலிக் குருக்களுக்கு வாசலும் வேறு, வரவேண்டிய நேரமும் வேறு. குழுவைக் கூட்டிப் போகிறவர் பீடத்துப் பக்கம் போய்விட்டால் வயதான அம்மாமார் கூட்டத்தில் திண்டாடுவார்கள். அப்படிப் போவதானால், விவரம் தெரிந்த ஒருவரிடம் குழுவை ஊரிலேயே ஒப்படைத்துவிடுங்கள். வெளியே வந்தபின் சந்திக்கும் இடம், உரோமையானால் புனித பேதுரு சதுக்கத்துக்கு வெளியே இருக்கட்டும். பலி முடிந்ததும் திருத்தந்தை வண்டியில் சுற்றி வருவார், அதுவரை தடுப்புகளைத் திறக்க மாட்டார்கள்.

உரோமை என்றால் நுழைவுச்சீட்டுக்குக் காசு கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மக்களுக்கான சீட்டை ஓர் அலுவலகம் தருகிறது. குருக்களுக்கான சீட்டுக்குத் திருத்தந்தையின் திருவழிபாட்டு அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். கையில் செலெப்ரெத் (இவர் பூசை வைக்கத் தக்க குரு என்னும் சான்றுக் கடிதம்) இருக்க வேண்டும். அதை மறைமாவட்டக் குருவானால் ஆயரிடமும், துறவறக் குருவானால் சபைத் தலைவரிடமும் வாங்கலாம். அது ஓராண்டுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 903. நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், செலெப்ரெத்தில் ஒற்றை எழுத்து, பதிவில் இன்னொரு விதம். மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும்.

உடையில் அமிஸ் (கழுத்தை மூடும் தோள்துணி), ஆல்ப் (நீண்ட வெள்ளை அங்கி), இடைக்கயிறு, ஸ்டோல் (கழுத்தில் போடும் நீள்பட்டை) ஆகியவற்றை நீங்களே கொண்டுபோக வேண்டும். ஸ்டோலின் நிறம் அன்றைய வழிபாட்டைப் பொறுத்தது. வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் மறைசாட்சிதான், மறைசாட்சிக்கு உரியது சிவப்பு. ஆனாலும் அவர் புனிதரான 2022 மே 15 பாஸ்கா காலத்து ஞாயிறு, அதனால் அன்றைக்குரியது வெள்ளை. நம் ஊர் ஆல்ப் பெரும்பாலும் கழுத்துவரை மூடுவதால் அமிஸ் பழக்கம் விட்டுப்போயிருக்கும். துணியைத் தோளில் போட்டு, மேல்விளிம்பைக் காலருக்குள் செருகி, நாடாக்களை மார்பில் குறுக்காக விட்டு முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் முடியுங்கள். ஊரிலேயே நாலு முறை கட்டிப் பாருங்கள். ஆல்ப் புதிதாகத் தைப்பதானால் வலப்பக்கம் கை நுழைய ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டும் போனும் கால்சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உடுத்தும் இடத்துக்கு உடனே திரும்ப முடியாமல் போகலாம். ஸ்டோலின் உள்பக்கம் பெயரை நூலால் தைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். சதுக்கத்தில் பாவியிருப்பது கருங்கல், செருப்பு உதவாது, ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள்.

வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார நேரும். நற்கருணை நோன்பு ஒரு மணி நேரந்தான், தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

நற்கருணை மன்றாட்டு பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். தூய ஆவியை வேண்டும்போது காணிக்கைகளை நோக்கி இரு கைகளையும் நீட்டுங்கள். அர்ச்சிப்பு வார்த்தைகளின்போது வலக்கை. எழுந்தேற்றம் செய்யும்போது (அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது) ஏறிட்டுப் பார்த்து, பிறகு ஆழ்ந்து வணங்குங்கள். குரல் தாழ்ந்தே இருக்கட்டும், திருத்தந்தையின் குரல்தான் கேட்க வேண்டும்.

நற்கருணை வழங்கும் நேரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். காற்றடித்தால் மேலே இருக்கும் அப்பம் பறந்துவிடும். பாத்திரம் நிரம்பியிருந்தால் பெருவிரலால் விளிம்போடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். தடுப்புக்குப் பின்னாலிருந்து கைகள் நீளும், "பின்னால் இருப்பவருக்குக் கொடுங்கள்" என்று சைகை செய்வார்கள். கொடுக்காதீர்கள். கைமாற்றி வழங்க அனுமதி இல்லை. "கோர்ப்புஸ் கிறிஸ்தி" (கிறிஸ்துவின் உடல்) என்று சொல்லி, ஆமென் கேட்டு, உங்கள் கண்முன்னே உட்கொள்வதைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். கையில் வாங்கிப் பைக்குள் வைக்கப் போனால், மென்மையாக நிறுத்தி அங்கேயே உட்கொள்ளச் சொல்லுங்கள். கீழே விழுந்தால் நீங்களே குனிந்து பக்தியோடு எடுங்கள். யாரும் மிதிக்க விடாதீர்கள்.

புறப்படும்போது ஊரில் பலர் பூசைக் கருத்து (இன்னதற்காகப் பூசை வையுங்கள் என்ற வேண்டுதல்) கொடுப்பார்கள். கூட்டுத்திருப்பலியில் நீங்கள் ஒரு கருத்துக்குக் காணிக்கை ஏற்கலாம், நாலைந்தைச் சேர்த்துவிடக் கூடாது. அன்று காலையிலேயே குழுவுக்குத் தனியாக ஒரு பூசை வைத்திருந்தால், இரண்டாவதான இந்தக் கூட்டுத்திருப்பலிக்கு எந்தப் பெயரிலும் காணிக்கை வாங்கக் கூடாது (சட்டம் 951). மற்றக் கருத்துகளை நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு, அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக நிறைவேற்றுங்கள்.