தடுப்பூசியை உறைய விடாதீர்கள்: பாமசியில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் பாமசி வேலைக்குப் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளும், வைத்தியர் எழுதிய துண்டோடு முதன்முறையாகத் தடுப்பூசி வாங்க வருவோரும், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் நடந்த அதே பிழைகளை இன்றும் செய்வதைப் பார்க்கும்போது, சிலவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. காலாவதித் திகதியைப் பாருங்கள் என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இலவசமாகக் கிடைப்பதை விலைக்குத் தேடுதல்

பிள்ளைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டம் 1978 முதல் நடைபெறுகிறது. காசநோய்க்கான பி.சி.ஜி., ஐந்து நோய்களை ஒன்றாகத் தடுக்கும் ஐங்கூட்டுத் தடுப்பூசி, போலியோ, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். ஆகியவை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குகளில் காசில்லாமல் ஏற்றப்படுகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க ஆறாம் தர மாணவிகளுக்கு ஏற்றப்படும் எச்.பி.வி. தடுப்பூசியும் 2017 முதல் அந்தத் திட்டத்தில் உண்டு. ஒரு தவணை தவறிவிட்டால் நகரத்துக்கு ஓடி வராமல், முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அங்கே கிடைக்காதவற்றுக்கும், பெரியவர்களுக்கு வைத்தியர் தனியாகப் பரிந்துரைப்பவற்றுக்குமே பாமசி தேவைப்படுகிறது.

ஐஸில் புதைத்துக் கொண்டு போதல்

எங்கள் பகுதியில் தடுப்பூசியைப் பாமசியில் வாங்கி, வைத்தியரிடம் கொண்டுபோய் ஏற்றுவிப்பது வழக்கமாகையால், இடையிலுள்ள பயணம் வாங்குபவரின் பொறுப்பாகிவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூட்டுக்குப் பயப்படுவது நியாயமே. ஆனால் அந்தப் பயத்தால் செய்யும் காரியம்தான் மருந்தைக் கொல்கிறது.

படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இளைஞர், குருதிச் சுத்திகரிப்பு தொடங்கவிருந்த தன் தாயாருக்காக ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி வாங்கினார். ரெஜிபோம் பெட்டியில், குளிர் பொதியைத் துணியால் சுற்றி வைத்துக் கொடுத்தோம். அந்தக் குளிர் போதாது என்று யாரோ சொல்ல, வழியில் மீனுக்குப் போடும் ஐஸை வாங்கி, அதற்குள் குப்பியைப் புதைத்திருக்கிறார். அன்று பின்னேரம் வைத்தியர் வராததால், இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு உறைபெட்டியில் வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் வந்து, “அண்ணன், கட்டியாப் போயிற்று, உருகினாப் பிறகு போடலாந்தானே?” என்று கேட்டார். போட முடியாது. தாயாருக்காகச் சேர்த்த காசில் இன்னொரு குப்பி வாங்க வேண்டியதாயிற்று.

ஹெப்படைட்டிஸ் பி, ஏற்புவலி, எச்.பி.வி. போன்ற தடுப்பூசிகளில் மருந்து அலுமினிய உப்பின் நுண்துகள்களோடு ஒட்டியிருக்கிறது. உறையும்போது அத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன. உருகிய பின்னும் அவை பழைய நிலைக்கு வருவதில்லை. திரைந்த பால் மறுபடி பாலாகாதது போலத்தான். இதில் கொடுமை என்னவென்றால், உருகிய குப்பியைச் சும்மா பார்த்தால் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது. ஊசி ஏற்றப்படும், அட்டையில் பதியப்படும், அந்தத் தாயார் தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பியிருப்பார். இது தெரிந்தும், “நல்லா ஐஸ் வைத்துக் கொண்டு போங்க” என்று வாடிக்கையாளரை அனுப்பும் தொழில்காரர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

தேவையான வெப்பநிலை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை மட்டுமே. உறைபெட்டியிலிருந்து எடுத்த குளிர் பொதியை உடனே பயன்படுத்தாமல், குலுக்கினால் உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருங்கள்; பிறகு துணியால் சுற்றி, குப்பியில் படாதபடி வையுங்கள். வீட்டில் ஓரிரவு வைக்க நேர்ந்தால் நடுத்தட்டில், பின்சுவரில் முட்டாமல் வைக்க வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம். இவற்றைவிட நல்லது, வைத்தியர் இருக்கும் நேரத்தை உறுதிசெய்த பிறகே வாங்க வருவது. கடையில் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியைக் காட்டும்படி கேட்பதற்கும் தயங்காதீர்கள். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்த நாட்கள் இருந்தன; அத்தகைய வேளைகளில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லத் தெரிந்த கடையிலேயே தடுப்பூசி வாங்க வேண்டும்.

நாய் கடித்தபின் பாமசிக்கு வருதல்

வராதீர்கள். காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நேரே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பயணத்துக்கு முதல்நாள் ஊசி தேடுதல்

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கங்களிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோர், மூளைமென்சவ்வுக் காய்ச்சலுக்கான நால்வகைத் தடுப்பூசியைச் சவூதியைச் சென்றடைவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னர் பெற்றிருக்க வேண்டும். பெட்டி கட்டும் நாளில் வருவோரை வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கும் மனமில்லை, ஆனாலும் உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க அந்த நாட்கள் வேண்டும்.

தடுப்பூசியின் பெயரையும் பெட்டியிலுள்ள தொகுதி இலக்கத்தையும் எழுதி வாங்காமை

அடுத்த தவணைக்கு வரும்போது “அந்த ஊசிதான்” என்றால் எங்களுக்கு விளங்காது.

ஊசி ஏற்றியதும் புறப்படுதல்

குறைந்தது பதினைந்து நிமிடமாவது அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை அரிதாகவே வரும். வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும், அப்போது வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எலிக்காய்ச்சலுக்கு ஊசி கேட்டல்

அப்படி ஓர் ஊசி எங்களிடம் இல்லை. வயலில் இறங்குமுன், தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.