முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் மேலே உள்ள இறக்கை அடுக்குகளை எண்ணுங்கள். ஒரே தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இருந்தால் அது கோஆக்சியல் வகை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் உடல் தானாகச் சுழலாது. கையை எடுத்தாலும் ஓரளவு நிலையாக நிற்கும். ஒற்றை அடுக்கு வகை பார்க்க அழகுதான், புதியவர் கையில் அதிக நேரம் தாங்காது.

மூன்று சேனல், அதாவது மூன்று கட்டுப்பாடு, போதும்: ஏற்ற இறக்கம், முன்பின், இடவலத் திருப்பம். உடல் தானாகத் திரும்பாமல் பிடித்துவைக்கும் உணரியான கைரோ கட்டாயம் இருக்கட்டும். இன்ஃப்ராரெட் ரிமோட் வெயிலில் சிக்னல் இழக்கும், அது வீட்டுக்குள் மட்டுமே. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட் என்றால் தூரமும் கிடைக்கும், இரண்டு பேர் சேர்ந்தும் பறக்கவிடலாம். பெட்டியில் உபரி இறக்கை இருக்கிறதா, தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் உடைவது அதுதான்.

சிறியவை பெரும்பாலும் 3.7 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 5 முதல் 8 நிமிடம் பறக்கும். பறந்து முடிந்ததும் சூடு ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

மின்விசிறியை அணைத்துவிட்டு, அறையின் நடுவே, வால் உங்களைப் பார்க்க வைத்து எழுப்புங்கள். தரையை ஒட்டித் தன் காற்றிலேயே தள்ளாடும். அரை மீட்டராவது தூக்குங்கள். அங்கும் ஒரே பக்கம் சுழன்றால் ரிமோட்டில் திசையைச் சரிசெய்யும் டிரிம் பொத்தானை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். எதிலாவது முட்டினால் உடனே ஏற்ற இறக்கக் குச்சியான த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். தாமதித்தால் பல்சக்கரம் தேயும், மோட்டார் கருகும்.